பெயர் தெரியாத டச்சுப் பெண்மணி: 19ஆம் நூற்றாண்டுப் புகைப்படங்களைப் படிக்கப் புதிதாக வருபவர்களுக்கு

ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்தின் இணையத் தொகுப்பில் 19ஆம் நூற்றாண்டுப் புகைப்படங்களைத் தேடினால் ஒரு தலைப்பு திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். "போர்ட்ரெட் ஃபான் ஏன் ஒன்பெகெண்டெ ஃப்ரௌ", அதாவது அடையாளம் தெரியாத ஒரு பெண்ணின் உருவப்படம். கறுப்புப் பட்டு உடை, நடு வகிடு, மடியில் கோத்த கைகள், பக்கத்தில் ஒரு சின்ன மேசை. வரிசையாகக் கொஞ்ச நேரம் பார்த்தால் எல்லாரும் ஒரே ஆள் போலவே தெரிய ஆரம்பித்துவிடுவார்கள், புதிதாக வருகிறவர்களில் நிறையப் பேர் சலித்துப்போய் விட்டுவிடுவதும் இங்கேதான்.

விடாதீர்கள். எந்த வரிசையில் பார்ப்பது என்று தெரிந்துவிட்டால் அந்த ஒரே மாதிரி முகங்கள் தனித்தனி ஆட்களாகப் பிரியத் தொடங்கும். நான் பரிந்துரைக்கும் வரிசை இது: முதலில் பொருள், அப்புறம் நிறம், அப்புறம் உடை, அப்புறம் அட்டையின் பின்பக்கம், கடைசியில் பெயர். முகத்தை வேண்டுமென்றே இதில் சேர்க்கவில்லை. முகத்திலிருந்து ஆரம்பித்தால் கதை கட்டத் தோன்றும், "பாவம், எவ்வளவு சோகமாக இருக்கிறாள்" என்று தொடங்கி எங்கேயோ போய் நிற்போம். அசையாமல் உட்காரச் சொன்னால் யாரும் அப்படித்தான் இருப்பார்கள்.

எங்கே பார்ப்பது

ரைக்ஸ்மியூசியத்தில் தொடங்குங்கள். பதிப்புரிமை முடிந்த படங்களைப் பெரிய அளவில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், பெரிதாக்கிப் பார்த்தால் பின்னல் கைக்குட்டையின் கண்ணிகள்கூடத் தெரியும். அடுத்து லைடன் பல்கலைக்கழக நூலகம், அதன் புகைப்படத் தொகுப்பு பழையது, பெரியது. ஹேக் நகரில் இருக்கும் ஆர்கேடி (RKD) என்ற கலை வரலாற்று நிறுவனம் உருவப்படங்களுக்கென்றே தரவுத்தளம் வைத்திருக்கிறது, ஓவியத்தோடு புகைப்படமும் அதில் உண்டு. ரோட்டர்டாமில் நெதர்லாந்து புகைப்பட அருங்காட்சியகம் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாம், ஹேக் நகராட்சி ஆவணக் காப்பகங்களின் படவங்கிகளையும் குறித்துக்கொள்ளுங்கள். அருங்காட்சியகத்தில் அழகான படம் கிடைக்கும், நகராட்சிக் காப்பகத்தில் முகவரியோடு ஆள் கிடைப்பார்.

டச்சு தெரியாதே என்று தயங்க வேண்டாம். தேடும் சொல்லை மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு டச்சிலேயே தட்டுங்கள். ஆங்கிலத்தில் தேடினால் பாதிகூட வராது.

முதலில்: இது எதன் மேல் இருக்கிறது?

உலோகமா, கண்ணாடியா, தாளா? ஆண்டைக் கணிக்க இந்தக் கேள்விதான் அடித்தளம்.

டாகுரோடைப் என்பது வெள்ளி முலாம் பூசிய செம்புத் தகடு. 1839இல் பாரிசில் இந்த முறை வெளியிடப்பட்டது. தகடு முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும், ஒரு பக்கம் சாய்த்தால் படம், இன்னொரு பக்கம் சாய்த்தால் நெகட்டிவ் போலத் தெரியும், கூடவே உங்கள் முகமும். ஆரம்பத்தில் நிமிடக்கணக்கில் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. 1840களின் தொடக்கத்தில் வேகமான லென்ஸும் புரோமின் கலந்த பூச்சும் வந்தபின் நல்ல வெளிச்சத்தில் ஒரு நிமிடத்துக்குள் வேலை முடிந்தது. நெதர்லாந்தில் 1840களின் பெண் உருவப்படம் ஒன்று கண்ணில் பட்டால் அது பெரும்பாலும் இந்த வகைதான், எடுத்துக்கொண்டவர் வசதியான வீட்டுப் பெண்மணியாகவே இருப்பார்.

ஆம்ப்ரோடைப் கண்ணாடியில் எடுத்தது, பின்னால் கறுப்புத் துணியோ வார்னிஷோ இருக்கும். அதுவும் சின்னப் பெட்டிக்குள்தான் வரும், அதனால் டாகுரோடைப்போடு குழப்பிக்கொள்வார்கள். சாய்த்துப் பாருங்கள், எந்தக் கோணத்திலும் கண்ணாடி விளையாட்டுக் காட்டாது. 1850களின் நடுவில் தொடங்கிப் பத்தாண்டுக்கு மேல் புழங்கியது. இரும்புத் தகட்டில் எடுத்த ஃபெர்ரோடைப் காந்தத்தில் ஒட்டும், பெரும்பாலும் சந்தை, திருவிழாக்களில் மலிவாக எடுத்தது.

தாளுக்கு வருவோம், உங்களுக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி இதுவாகத்தான் இருக்கும். பாரிஸ்காரர் டிஸ்டெரி 1854இல் கார்ட் டி விசிட் என்ற சின்ன அட்டைப்படத்துக்குக் காப்புரிமை வாங்கினார். ஒரே கண்ணாடித் தகட்டில் பல படம் எடுத்து, முட்டை வெள்ளைக்கரு பூசிய தாளில் அச்சிட்டு, சுமார் 6க்கு 10 செ.மீ. அட்டையில் ஒட்டித் தருவது. 1860 வாக்கில் இது ஐரோப்பா முழுக்க ஒரு மோகமாகவே மாறிவிட்டது, நெதர்லாந்தும் விலக்கில்லை. அதுவரை உருவப்படம் பற்றி நினைத்தே பார்க்காத கடைக்காரர் மனைவி, பள்ளி ஆசிரியை, சில சமயம் வீட்டு வேலைக்காரப் பெண்கூட கேமரா முன்னால் உட்கார்ந்தார். 1866 வாக்கில் கொஞ்சம் பெரிய கேபினட் கார்டு வந்தது, சுமார் 11க்கு 16.5 செ.மீ. கையில் ஸ்கேல் இருந்தால் போதும், இந்த இரண்டையும் பிரித்துவிடலாம். இணையத்தில் பார்க்கிறீர்கள் என்றால் படத்தின் கீழே அளவு போட்டிருப்பார்கள், அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

இடம் வலம் மாறும் சங்கதி

டாகுரோடைப்பில் நெகட்டிவ் என்று தனியாக ஒன்று கிடையாது, கேமராவுக்குள் இருந்த தகடேதான் படம். எனவே படம் இடவலமாகத் திரும்பியிருக்கும். (சில புகைப்படக்காரர்கள் லென்ஸ் முன் ஆடி வைத்து இதைச் சரிசெய்தார்கள், எல்லாரும் செய்யவில்லை.) இது டச்சுப் படங்களில் ஏன் முக்கியம் என்றால், மோதிரம். நெதர்லாந்தில் புராட்டஸ்டன்ட் பெண்கள் திருமண மோதிரத்தை வலக்கையிலும் கத்தோலிக்கர் இடக்கையிலும் அணிவது என்று ஒரு வழக்கம் உண்டு. அதைத் தெரிந்துகொண்ட உற்சாகத்தில் ஒரு டாகுரோடைப்பைப் பார்த்து "இடக்கை, எனவே கத்தோலிக்கர்" என்று முடிவு கட்டினால் அந்த அம்மாவை மதம் மாற்றிவிட்டீர்கள். அந்த வழக்கமும் ஊருக்கு ஊர் முன்பின் இருந்ததுதான், மோதிரத்தைத் துணைச் சான்றாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தாளில் அச்சான படத்தில் இந்தத் திருப்பம் இல்லை.

படத்தில் தெரியும் நிறத்தை நம்பாதீர்கள்

புதியவர்கள் அதிகம் வழுக்குவது இங்கே. அந்தக் காலத்துத் தகடுகள் எல்லா நிறத்தையும் ஒரே மாதிரிப் பதியவில்லை. நீலம், ஊதா இரண்டும் அளவுக்கு மீறிப் பதிந்து வெளிறிப்போகும், சிவப்பும் மஞ்சளும் ஏறத்தாழ பதியவே பதியாமல் இருண்டு நிற்கும். டாகுரோடைப்புக்கும் இது பொருந்தும், 1850களுக்குப் பின் வந்த வெட் கொலோடியன் கண்ணாடிக்கும் (பூச்சு ஈரமாக இருக்கும்போதே படம் எடுக்க வேண்டிய தகடு) பொருந்தும்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு டச்சுப் பெண்களின் படங்களை மறுபடி பாருங்கள். பேய்க்கண் மாதிரி வெள்ளையாக முறைக்கும் அந்தப் பெண்ணுக்கு வெறும் நீலக் கண்தான். கறுங்கூந்தல் என்று நினைத்தது செம்பட்டை முடியாக இருக்கலாம். முகத்தில் லேசான மச்சப்புள்ளிகள் இருந்தால் அவை அம்மைத் தழும்பு போலக் கறுத்துத் தெரியும். கழுத்தில் கறுப்பு மணி மாலை என்று குறித்து வைத்திருப்பீர்கள், அது கிராமத்துப் பெண்கள் ஆசை ஆசையாகச் சேர்த்த சிவப்புப் பவளமாக இருக்கும். மேலே வெளிர் நிறமாகத் தெரியும் உடை பளிச்சென்ற நீலப் பட்டாகவும் இருக்கலாம்.

ஆம்ஸ்டர்டாம் நகர அனாதை இல்லத்துப் பெண்களின் சீருடையைச் சொன்னால் இன்னும் தெளிவாகும். நெடுக்காகப் பாதி சிவப்பு, பாதி கறுப்பு. தெருவில் ஒரு மைல் தூரத்திலிருந்தே தெரியும் என்பதற்காகவே வைத்த நிறங்கள், 1919 வரை அந்தச் சீருடை இருந்தது. ஆனால் பழைய புகைப்படத்தில் சிவப்பும் இருண்டுவிடுவதால் இரண்டு பாதிக்கும் உள்ள வேறுபாடு மங்கிப்போகும், தெரிந்தவர்கள்தான் கண்டுபிடிப்பார்கள்.

கறுப்பு உடை என்றாலே துக்கம் என்ற முடிவும் வேண்டாம். நல்ல கறுப்புப் பட்டு ஒன்று வைத்திருப்பது அன்றைக்குக் கௌரவம், தேவாலயத்துக்கும் விருந்துக்கும் ஸ்டூடியோவுக்கும் அதுவே. துக்க உடை என்று சொல்ல வேண்டுமானால் பளபளப்பே இல்லாத மங்கிய கிரேப் துணி, நகை இல்லாமை அல்லது கறுப்பு நகை மட்டும், இப்படி இரண்டு மூன்று அடையாளம் சேர்ந்து வர வேண்டும். இறந்தவரை நிற்க வைத்து எடுத்த படம் என்று இணையத்தில் சுற்றுவதையும் இங்கேயே தள்ளிவிடுங்கள். இறந்தவர்களைப் படம் எடுத்தது உண்மை, பெரும்பாலும் படுக்க வைத்து எடுத்தார்கள். காலுக்குப் பின்னால் தெரியும் இரும்புத் தண்டின் அடிப்பாகம் உயிரோடிருப்பவர் தலை ஆடாமல் இருக்க வைத்த தாங்கி. பெண்களின் படத்தில் அந்த அடிப்பாகம் பாவாடைக்குப் பின்னால் மறைந்துவிடும், ஆண்களின் படத்தில்தான் மாட்டிக்கொள்ளும்.

நிறம் இல்லாத படம் அன்றைக்கே சிலருக்கு எரிச்சல் தந்திருக்கிறது. வின்சென்ட் வான் கோ 1888 அக்டோபரில் ஆர்ல் ஊரில் இருந்தபோது அம்மா அன்னா கார்பெண்டுஸின் புகைப்படம் அவரிடம் இருந்தது. அந்த நிறமற்ற படத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை, நினைவில் இருக்கிற மாதிரி நிறம் கொடுத்து வரைகிறேன் என்று தம்பிக்கு எழுதிவிட்டு, பச்சைப் பின்னணியில் ஓர் ஓவியம் தீட்டினார். இப்போது அது அமெரிக்காவில் பசடேனாவின் நார்டன் சைமன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சாதாரண நடுத்தரக் குடும்பத்துப் பாதிரியார் மனைவி ஒருவர் எடுத்துக்கொண்ட ஸ்டூடியோ படம் என்ன பாடு படும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

உடையை வைத்து ஆண்டு

தோராயமாக இப்படி. 1840களில் இறுகிய, இடுப்பில் கூர்முனையாக இறங்கும் மேற்சட்டை, குறுகிய கை, காதை மூடி வாரிய முடி. 1850களில் கை மணி போல அகலும், உள்ளே வெள்ளை உள்கை தெரியும். 1856 வாக்கில் எஃகு வளையங்கள் வைத்த கிரினோலின் வந்ததும் பாவாடை குடையாக விரிந்து, 1860 சுமாருக்கு உச்சம் தொட்டது, பெண் நாற்காலியில் உட்காராமல் பக்கத்தில் நிற்கும் படங்கள் அந்தக் காலத்தில் அதிகம். 1870களில் விரிவெல்லாம் பின்பக்கம் போய்விட்டது, முடி பின்னலும் கொண்டையுமாக மேலே ஏறியது. 1895 வாக்கில் தோளில் பலூன் மாதிரிப் புடைத்த கை. அதைப் பார்த்தால் வேறு எதையும் பார்க்க வேண்டாம், பத்தாண்டு உறுதி.

ஆனால் இந்தக் கணக்கு இளம் பெண்களுக்குத்தான். அறுபது வயது அம்மாள் தான் முப்பது வயதில் பழகிய சட்டையையும் நாடா வைத்துக் கட்டிய பின்னல் தொப்பியையும் கடைசிவரை விடமாட்டார். குழுப்படமாக இருந்தால் கூட்டத்திலேயே இளைய பெண்ணைப் பார்த்து ஆண்டு சொல்லுங்கள்.

வட்டார உடை அணிந்த பெண்கள் என்றால் மேலே சொன்ன பட்டியலைத் தூக்கி ஓரமாக வைத்துவிட வேண்டியதுதான். ஃப்ரீஸ்லாந்து, ஸீலாந்து, ஸ்கெவெனிங்கன், மார்கன், ஃபோலெண்டாம், ஒவ்வோர் ஊருக்கும் ஒரு தொப்பி, ஒரு சால்வை. ஓர்ஐசர் என்ற ஒரு நகை இருக்கிறது, தொப்பியைப் பிடித்து நிறுத்தத் தலையைச் சுற்றிப் போட்ட உலோகப் பட்டையாக ஆரம்பித்தது. ஃப்ரீஸ்லாந்தில் 19ஆம் நூற்றாண்டு போகப் போக அகன்று அகன்று கடைசியில் தலை முழுக்க மூடும் தங்கக் கவசமாகவே ஆகிவிட்டது, மேலே மெல்லிய பின்னல் துணி. குடும்பத்தின் சேமிப்பைப் பெண் தலையில் பார்க்கலாம், நம் ஊர்க் கல்யாண வீட்டில் கழுத்தைப் பார்த்துக் கணக்குப் போடுவது போல. ஸீலாந்தின் தெற்கு பெவெலாந்தில் தொப்பியின் வடிவமே மதத்தைச் சொல்லும், கோணம் கோணமாக இருந்தால் கத்தோலிக்கர், சிப்பி மாதிரி வளைந்து அகன்றால் புராட்டஸ்டன்ட்.

இதில் கவனிக்க வேண்டிய சிக்கல் ஒன்று. வட்டார உடைப் படங்கள் சுற்றுலா நினைவுப் பொருளாகவும் விற்றன. ஆம்ஸ்டர்டாமில் ஆண்ட்ரீஸ் யாகர் போன்றவர்கள் நகரக் காட்சிகளோடு இப்படிப்பட்ட உடைப் படங்களையும் விற்றார்கள். தன் ஆசைக்காகப் பணம் கொடுத்து எடுத்துக்கொண்ட ஃப்ரீஸ்லாந்துப் பெண்ணும், உடைக்காக நிற்கவைக்கப்பட்ட பெண்ணும் முதல் பார்வைக்கு ஒன்றுதான். அட்டையில் ஆள் பெயருக்குப் பதிலாக ஊர்ப் பெயரோ வரிசை எண்ணோ அச்சாகியிருந்தால் அது விற்பனைப் படம். நான் இந்த வகைப் படங்களை உருவப்படக் கணக்கில் சேர்ப்பதே இல்லை, சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

அட்டையைத் திருப்புங்கள்

பின்பக்கம் பார்க்காமல் முன்பக்கத்தை மட்டும் வைத்து ஆராய்வதில் பயனில்லை. நல்ல தொகுப்புகளில் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்து போட்டிருப்பார்கள்.

1860களின் அட்டை மெல்லியது, மூலைகள் கூர்மை, பின்னால் ஸ்டூடியோ பெயரும் ஊரும் சின்னதாக. 1870களிலிருந்து மூலை வட்டமாகும், அட்டை தடிக்கும், 1880களில் பின்பக்கம் முழுக்கக் கொடியும் பூவும் தூரிகையும் தேவதையும் வந்து உட்கார்ந்துவிடும், ஓரத்தில் தங்கப் பூச்சு. பதக்கங்களை அச்சிட்டிருந்தால் அதில் உள்ள ஆண்டுதான் உங்களுக்குப் பரிசு. ஆம்ஸ்டர்டாம் 1883 என்று இருந்தால் அந்த ஆண்டு நடந்த சர்வதேசக் காலனியக் கண்காட்சியின் பதக்கம், அதற்கு முன் அந்த அட்டை அச்சாகியிருக்க முடியாது. தொலைபேசி எண் இருந்தால் இன்னும் வசதி, ஆம்ஸ்டர்டாமுக்குத் தொலைபேசி வந்தது 1881இல். அரச முத்திரையோடு மாட்சிமை தங்கிய மன்னரின் புகைப்படக்காரர் என்று போட்டிருந்தால், மூன்றாம் வில்லெம் 1890இல் இறந்தார் என்பதை நினைவில் வையுங்கள். அச்சடித்த அட்டை தீரும் வரை பயன்படுத்தும் சிக்கன மனிதர்களும் உண்டு, ஓரிரு ஆண்டு விட்டுப்பிடியுங்கள்.

முகவரிதான் இருப்பதிலேயே நுட்பமான கருவி. புகைப்படக்காரர்கள் அடிக்கடி இடம் மாறினார்கள், மாறும்போதெல்லாம் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்கள். அந்தப் பத்திரிகைகளை டச்சு தேசிய நூலகம் டெல்ஃபர் (Delpher) என்ற தளத்தில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. ஸ்டூடியோ பெயரையும் தெருப் பெயரையும் சேர்த்துத் தட்டினால் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை அங்கே இருந்தார் என்று ஓரளவு கிடைத்துவிடும், சில நேரம் ஒரு டஜன் படத்துக்கு என்ன விலை என்பதும்.

ஸ்டூடியோ பெயருக்கு முன் "வெட்." (Wed.) என்று இருக்கிறதா பாருங்கள். விதவை என்பதன் சுருக்கம், கணவர் இறந்தபின் மனைவி தொழிலை நடத்துகிறார் என்று பொருள். பெண்கள் கேமராவுக்கு முன்னால் மட்டும் இருந்தார்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இது முதல் துப்பு. இரண்டாவது துப்பு அலெக்ஸின் தின்னே. ஹேக் நகரத்துப் பெரும் பணக்காரப் பெண், 1835இல் பிறந்தவர், நைல் நதிப் பயணங்களுக்காகப் பெயர் பெற்றவர். 1860 வாக்கில் தன் வீடு இருந்த லாங்கெ ஃபோர்ஹௌட் பக்கத்தில் பெரிய கண்ணாடித் தகடுகளில் படம் எடுத்துப் பழகியிருக்கிறார். 1869இல் சகாராவில் கொல்லப்பட்டார்.

ஆல்பம் இருந்தால் நிதானம்

கார்ட் டி விசிட் ஆல்பம் முழுசாகக் கிடைத்தால் எல்லாரும் ஒரே குடும்பம் என்று எழுதிவிடத் தோன்றும். பொறுங்கள். அரசி சோஃபி, நடிகைகள், பாதிரியார்கள் எல்லாருடைய படமும் கடையில் விற்றது, வாங்கி வந்து அத்தைக்கும் சித்திக்கும் நடுவில் செருகி வைத்தார்கள். ஆல்பத்தின் முதல் பக்கத்தில் கம்பீரமாக உட்கார்ந்திருக்கும் பெண்மணி பாட்டியாகவும் இருக்கலாம், மகாராணியாகவும் இருக்கலாம். அதே படம் வேறு தொகுப்புகளிலும் இருக்கிறதா என்று படத்தைப் போட்டுத் தேடிவிடுங்கள்.

பெயர்: இதற்குத்தான் இவ்வளவும்

மிகப் பழைய டச்சுப் பெண் உருவப்படங்களில் சில எடுவார்ட் ஐசக் அஸ்ஸர் எடுத்தவை. ஆம்ஸ்டர்டாம் வழக்கறிஞர், 1809இல் பிறந்தவர், பொழுதுபோக்காக 1840களின் தொடக்கத்தில் டாகுரோடைப்பில் இறங்கினார். வீட்டில் யார் இருந்தார்களோ அவர்களைத்தானே உட்கார வைக்க முடியும், மனைவியையும் மகள் சார்லோட்டையும் எடுத்தார். அந்தப் படங்கள் ரைக்ஸ்மியூசியத்தில் இருக்கின்றன. "புகைப்படக்காரரின் மனைவி" என்ற ஒட்டு எப்போதும் கூடவே வரும், ஆனால் அதற்கு முன்னால் அவர் பெயர் முழுதாக இருக்கிறது: யூஃப்ரோசின் ஒப்பன்ஹைம். அஸ்ஸர் அல்ல, ஒப்பன்ஹைம், பிறந்த வீட்டுப் பெயர்.

இங்கேதான் நெதர்லாந்து நமக்கு உதவி செய்கிறது. நாடு முழுக்க 1811 முதல் பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாவற்றுக்கும் அரசுப் பதிவு உண்டு, 1850 முதல் வீடுவாரியான மக்கள்தொகைப் பதிவேடும் உண்டு. இந்த ஆவணங்களில் ஒரு பெண் பிறந்ததிலிருந்து சாகும்வரை பிறந்த வீட்டுப் பெயரிலேயே பதிவாகியிருப்பாள். ஊர் அவளைக் கணவர் பெயரால் கூப்பிட்டிருக்கும், பதிவேடு கூப்பிடாது. இங்கிலாந்துப் பெண்ணொருத்தியைத் திருமணத்துக்குப் பின் தேடிப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசத்தின் அருமை தெரியும்.

ஆகவே அட்டையின் பின்னால் பென்சிலில் ஏதாவது கிறுக்கியிருந்தால் இப்படிப் படியுங்கள். இரண்டு குடும்பப் பெயர் கோடு போட்டு இணைந்திருந்தால் முதலாவது கணவருடையது, இரண்டாவது அவளுடையது. "கெப்." (geb.) என்று இருந்தால் அதற்குப் பின் வருவது பிறந்த வீட்டுப் பெயர். "மெய்." (Mej.) என்பது மெயுஃப்ரௌ. இதை உடனே "செல்வி" என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், 19ஆம் நூற்றாண்டில் நடுத்தர வீட்டு மணமான பெண்களையும் அப்படித்தான் அழைத்தார்கள், மெஃப்ரௌ என்பது மேல்தட்டு மனைவிமாருக்கு. "யொங்க்ஃப்ரௌ" (Jonkvrouw) என்றிருந்தால் பிரபுக் குடும்பம்.

பிறந்த வீட்டுப் பெயர் கையில் வந்ததும் இந்தப் பதிவேடுகளைத் தேட உதவும் வீ வாஸ் வீ (WieWasWie) அல்லது ஓப்பன் ஆர்கீவன் (Open Archieven) தளத்துக்குப் போங்கள். முதலில் திருமணப் பதிவைத் தேடுங்கள், ஒரே ஏட்டில் மணமக்கள் வயது, தொழில், இருவரின் பெற்றோர் பெயர் எல்லாம் கிடைக்கும், அதைப் பிடித்தால் மற்றவை தானாக வரும். பிறப்புப் பதிவு 100 ஆண்டுக்குப் பின்னும், திருமணப் பதிவு 75 ஆண்டுக்குப் பின்னும், இறப்புப் பதிவு 50 ஆண்டுக்குப் பின்னும் பொதுமக்களுக்குத் திறக்கப்படும். நம் பெண்மணிகள் விஷயத்தில் அந்தத் தடை எதுவும் இல்லை. அப்புறம் படத்திலிருந்து நீங்கள் கணித்த ஆண்டையும், முகத்தில் தெரியும் வயதையும் (இப்போது பார்க்கலாம், முகத்தை!) பதிவேட்டின் பிறந்த ஆண்டோடு ஒப்பிடுங்கள். பத்து வயதுக்கு மேல் இடித்தால் பென்சில்காரர் தவறு செய்திருக்கிறார், அல்லது அது அதே பெயருள்ள அவளுடைய பாட்டி. ஒரே பெயரைப் பாட்டிக்கும் பேத்திக்கும் வைப்பது டச்சுக் குடும்பங்களில் வழக்கம் என்பதால் இந்தக் குழப்பம் நிறைய வரும்.

பின்னால் எதுவுமே எழுதாத படம் என்றால்? பெரும்பாலும் பெயர் கிடைக்காது. ஆண்டு, ஊர், ஸ்டூடியோ, வசதி, இவ்வளவோடு நிறுத்திக்கொள்ளலாம், அதுவே நல்ல குறிப்புதான். ஆம்ஸ்டர்டாமில் யாகோப் ஓலி 1860களின் தொடக்கத்தில் தான் வாழ்ந்த சாண்ட்ஹூக் பகுதியில் குடும்பத்தாரையும் அக்கம்பக்கத்தாரையும் எடுத்த படங்கள் நகர ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, அவற்றைப் பாருங்கள். ஸ்டூடியோத் தூணும் திரையும் இல்லாமல் வீட்டு முற்றத்து வெளிச்சத்தில் எடுத்தவை. பெண்கள் அங்கே வேறு மாதிரி உட்காருகிறார்கள்.

டச்சுச் சமூகம் ஹாலந்தில் மட்டும் இல்லை

இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ரைக்ஸ்மியூசியத்தில், தென் அமெரிக்காவில் டச்சுக் காலனியாக இருந்த சூரினாமின் பாராமாரிபோவைச் சேர்ந்த ஒரு தம்பதியின் டாகுரோடைப் இருக்கிறது, காலம் 1846 அளவில். யோஹான்னஸ் எல்லிஸ், மரியா லூயிசா டி ஹார்ட். யோஹான்னஸ் இன்றைய கானாவின் எல்மினாவில் டச்சு அதிகாரிக்கும் ஆப்பிரிக்கப் பெண்ணுக்கும் பிறந்தவர். மரியா லூயிசாவின் தந்தை யூதர், தாய் ஆப்பிரிக்க வம்சாவளி. சூரினாமில் அடிமைமுறை ஒழிய இன்னும் ஏறக்குறைய 17 ஆண்டு இருக்கிறது, 1863இல்தான் ஒழிந்தது. அந்த நிலையில் நல்ல உடையில், கணவர் பக்கத்தில், முழுப் பெயரோடு ஒரு பெண். இவர்களின் மகன் பின்னாளில் நெதர்லாந்தின் கடற்படை அமைச்சராகவே ஆனார்.

இன்னொரு பக்கம் கிழக்கிந்தியத் தீவுகள், இன்றைய இந்தோனேசியா. பதாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) 1857 முதல் உட்பரி அண்ட் பேஜ் ஸ்டூடியோ இருந்தது. அங்கே எடுத்த ஐரோப்பியக் குழந்தைகளின் படங்களில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஜாவாப் பெண் ஒருத்தி இருப்பாள், பாபு (baboe) என்று அழைக்கப்பட்ட ஆயா. குழந்தைக்குப் பெயர், பிறந்த தேதி எல்லாம் இருக்கும், அவளுக்கு "பாபு" என்று மட்டும். லைடன் தொகுப்பில் தேடும்போது அந்தச் சொல்லையும் தட்டிப் பாருங்கள். பதிவேடு பிறந்த வீட்டுப் பெயரைக் காப்பாற்றித் தரும் என்று மேலே சொன்னேனே, அது இவர்களுக்குச் செல்லாது.

உங்கள் கையிலேயே ஒன்று இருந்தால்

பழம்பொருள் சந்தையிலோ இணைய ஏலத்திலோ கார்ட் டி விசிட் வாங்குவது பெரிய செலவில்லை, பெயர் எழுதாத பெண் படங்கள்தான் இருப்பதிலேயே மலிவு. டாகுரோடைப் வாங்கினால் பெட்டியைத் திறந்து தகட்டைத் துடைக்க மட்டும் துடைக்காதீர்கள், மென்துணியால் தொட்டாலும் படம் உரிந்து போய்விடும், திருப்பிக் கொண்டுவர வழியே இல்லை. ஓரத்தில் ஒட்டிய பழைய தாள் நாடாவையும் பிரிக்க வேண்டாம். தாள் படங்களைப் பிவிசி உறையில் போடாதீர்கள், பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறை நல்லது. ஆல்பத்திலிருந்து படத்தை உருவும்போது பக்கம் கிழியும் போலிருந்தால் விட்டுவிடுங்கள், பக்கத்தோடு சேர்த்து ஸ்கேன் எடுத்தால் போதும். நீங்கள் கண்டுபிடித்ததைக் குறிக்க வேண்டுமானால் பின்னால் ஓரமாக, மென்மையான பென்சிலில், அழுத்தாமல். பால்பாயின்ட் பேனா கூடவே கூடாது. ஊகத்தில் எழுதுகிற பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டுவிடுங்கள், அடுத்து இந்த அட்டையைத் திருப்பிப் பார்ப்பவருக்கு எது பதிவேட்டில் பார்த்தது, எது உங்கள் ஊகம் என்று தெரிய வேண்டும்.